பட்டையைக் கூட்டச் சொன்னது நான்

காரின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில், அதாவது பட்டைக் கட்டில், ஒரு பட்டையைக் கூட்டச் சொன்னது நான். மற்றவற்றைவிடத் தடித்ததாகப் பார்த்துத் தேடி எடுத்துக் கொடுத்ததும் நான். முன்பக்க ஷாக் அப்சார்பர்களை இளக்கச் சொன்னது, ஆன்டி ரோல் பாரைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னது, எல்லாம் நான்தான். பட்டறை அண்ணாச்சி வேண்டாம் என்றார். வேலை முடிகிற வரை சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த என் அத்தைக்கு முதுகெலும்பு அமுங்கிப் போயிற்று. எப்படி ஆச்சு என்று வீட்டில் கேட்டபோது, "பட்டறையில பட்டையைக் கூட்டிக் கட்டிட்டாங்க, எனக்குத் தெரியாது" என்று சொன்னேன்.

அது பொய். இன்றுவரை அதை அண்ணாச்சியின் முன்னால் நான் திருத்தவில்லை. பழி சுமந்தவர் அதே ஊரில், அதே பட்டறையில், என் கண்ணில் படுகிற தூரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறார். நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வண்டி வேலை தெரிந்தவர்களுக்கு மட்டும் பழக்கமான சில விவரங்கள் இதில் வரும். அவற்றை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் தெரியாமல் செய்யவில்லை என்பதற்கு அந்த விவரங்கள்தான் சாட்சி.

வண்டி அப்பாவுடையது. பிரீமியர் பத்மினி. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலியின் பியட் 1100 காரை அப்படியே இங்கே செய்து விற்றதே அது. 1089 சிசி எஞ்சின், சுமார் 40 குதிரைத் திறன், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வண்டி எடுத்த தலைமுறை அப்பாவுடையது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் தெருவில் யாருக்காவது இரவில் வலி கண்டால் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நவதிருப்பதி சேவிக்க வருகிற சொந்தக்காரர்களை ஒன்பது கோயிலுக்கும் அந்த வண்டிதான் சுற்றிக் காட்டும். அதில் நான்கு பேர் ஏறிய நாளைவிட ஆறு பேர் ஏறிய நாள்தான் அதிகம்.

அதன் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக விஷ்போனிலும் காயில் ஸ்பிரிங்கிலும் நிற்கும். பின்பக்கம் குறுக்கே ஒரே ஆக்சில், இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டைக் கட்டு. பழைய ஏற்பாடு, எளிய ஏற்பாடு. பழுதானால் ஊர்ப் பட்டறையிலேயே சரி பண்ணிவிடலாம். அளவான எடையோடு அளவான வேகத்தில் போனால் பின்சீட்டில் கண் செருகும். தாமிரபரணி அணைக்கட்டுப் பக்கம் வாய்க்கால் கரையில் அப்பா ஓட்டிக்கொண்டு போகும்போது அத்தை தூங்கிவிடுவாள். இதை நான் பல தடவை முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு வண்டி எனக்கு வந்தது.

எனக்கு டிராக் பந்தயத்தின் மேல் கிறுக்கு பிடித்தது சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில். மோட்டார் சைக்கிள்கள் ஓடின. இரண்டு வண்டி, நேர்கோடு, கால் மைல், அதாவது 402 மீட்டர். விளக்கு பச்சைக்கு மாறினதும் எல்லாம் ஆரம்பித்து, பார்க்கிறவன் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். வளைவு கிடையாது, பிரேக் திறமை கிடையாது, கிளம்புகிற அந்த ஒரு கணம்தான் எல்லாம். அந்தக் கணத்தைத் தீர்மானிப்பது எஞ்சினுக்கு அடுத்தபடியாக சஸ்பென்ஷன் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது.

இந்த விளையாட்டுக்கும் விமான ஓடுதளத்துக்கும் பழைய உறவு. அமெரிக்காவில் 1950இல் சாண்டா அனா விமான நிலையத்தில்தான் முறையாகக் கட்டணம் வாங்கி டிராக் பந்தயம் நடத்த ஆரம்பித்தார்கள். நம் பக்கத்திலும் கார்ப் பந்தயம் வேர் பிடித்தது இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் ஓடுதளத்தில்தான். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. கோவை கரிவர்தன் போன்றவர்கள் ஓட்டிப் பேர் வாங்கிய தளம் சோழவரம். வீட்டுக் காரான பியட்டும் அங்கே பந்தய வண்டியாக ஓடியிருக்கிறது. அந்தச் செய்தி எனக்கு ஒரு சாக்காக ஆயிற்று. பியட் பந்தயத்தில் ஓடிய வண்டிதானே, நம்முடையதும் ஓடட்டும். வீட்டுக்கும் ஆகட்டும், பந்தயத்துக்கும் ஆகட்டும் என்று நினைத்தேன்.

ஆசையில் தப்பில்லை. இரண்டுக்கும் ஆகிற மாதிரி ஒரு வண்டியைச் சமாளித்து வைத்துக்கொள்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நான் கெட்டது அடுத்த இடத்தில்.

வண்டி நின்ற நிலையிலிருந்து பாயும்போது எடை பின்னால் சாயும். மூக்கு தூக்கும், வால் அமுங்கும். பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்கு அது லாபம், ஏனென்றால் பின்டயரில் எடை விழ விழப் பிடிப்பு கூடும். அதனால் டிராக் ஓட்டுபவர்கள் முன் ஸ்பிரிங்கை இளக்கமாக வைப்பார்கள். முன் ஷாக் சுலபமாக நீண்டுவிட்டு, சுருங்குவதற்கு மட்டும் அடம்பிடிக்கும்படி செய்வார்கள். தொண்ணூறுக்குப் பத்து என்று அந்த ஷாக்கைச் சொல்வார்கள். வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற முன் ஆன்டி ரோல் பாரையும் கழற்றுவார்கள். தூக்கிய மூக்கு கொஞ்ச நேரம் தூக்கியபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பின்னால் பாடு வேறு. பட்டைக் கட்டு வண்டியில் எஞ்சின் ஆக்சிலை முறுக்கும்போது பட்டை 'எஸ்' மாதிரி நெளியும். நெளிந்தது சட்டென்று நிமிரும், மறுபடி நெளியும். டயர் தரையில் நிலைக்காமல் தத்தித் தத்திக் குதிக்கும். அதைத் தடுக்கத்தான் பட்டையின் முன்பாதியை விறைப்பாக்குகிறார்கள், இல்லையென்றால் ஆக்சிலுக்கு முன்னால் தடுப்புச் சட்டம் வைக்கிறார்கள். கிறைஸ்லர் 1960களில் தன் பந்தய வண்டிகளுக்கு ஆக்சிலுக்கு முன்னால் குட்டையும் பின்னால் நீளமுமாக, இடதுக்கு ஒரு கட்டும் வலதுக்கு வேறு ஒரு கட்டுமாகப் பட்டை செய்தே விற்றது. படிக்கப் படிக்க எனக்கு அழகாக இருந்தது. இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த வண்டிகளில் எட்டு சிலிண்டர் எஞ்சின், 300, 400 குதிரைத் திறன். என் வண்டியில் 40.

நான் கணக்குப் போடாமல் இல்லை. ஆளோடு சேர்த்து வண்டி சுமார் 950 கிலோ. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2.34 மீட்டர். முதல் கியரில் முழு மூச்சாகக் கிளம்பினாலும் முன்னாலிருந்து பின்னால் மாறுகிற எடை 60, 70 கிலோவைத் தாண்டாது. காய்ந்த தாரில் பின்டயரைச் சுழல வைக்கிற பலமே அந்த எஞ்சினுக்குக் கிடையாது. பட்டையை நெளிக்கிற முறுக்கும் கிடையாது. இல்லாத நோய்க்கு மருந்து வாங்கப் போகிறேன் என்பது காகிதத்திலேயே தெரிந்தது. அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிக் கணக்கில் ஏறும் என்பதும் எனக்குத் தெரியும். தடிமன் ஒன்றேகால் மடங்கானால் விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூட்டுகிற பட்டையின் தடிமனைக் கையில் அளவுகோலோடு தேர்ந்தெடுத்தவன் நான். "எனக்குத் தெரியாது" என்று நான் சொன்ன வார்த்தைக்கு எதிரே இதை வைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் செய்தேன்? பின்பக்கம் தூக்கி, மூக்கு தாழ்ந்து நிற்கிற வண்டியைப் பார்த்தால் பந்தய வண்டி என்று எவரும் சொல்வார்கள். பழைய கார் வைத்திருக்கும் சிநேகிதர்கள் தங்கள் வண்டிப் படங்களை அனுப்பும்போது என் வண்டி அப்பா காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, வீட்டு வண்டியாக நின்றது. அது எனக்குக் கூச்சமாக இருந்தது. வேகம் கூடாது என்று தெரிந்தே வேகமான தோற்றத்தை வாங்கினேன். இதற்குமேல் காரணம் எதுவும் கிடையாது. நிறைய நாள் தேடிப் பார்த்துவிட்டேன்.

பட்டைக்குத் தூத்துக்குடி போனேன். 1974இல் பெருந்துறைமுகம் ஆனதிலிருந்து அங்கே லாரிக்குக் குறைவில்லை. உப்பு ஏற்றுகிற லாரி, நிலக்கரி ஏற்றுகிற லாரி, கன்டெய்னர் இழுக்கிற லாரி, அவை முறித்துப் போடுகிற பட்டை. அந்த முறிந்த பட்டையைத்தான் கொல்லர்கள் வாங்கிக் காய்ச்சி அரிவாள் அடிக்கிறார்கள், அத்தனை உரமான எஃகு. பழைய பட்டை குவித்திருந்த கடையில் அகலம் ஒத்துவருகிற ஒரு சின்ன சுமை வண்டியின் பட்டையாகப் பார்த்து, ஒரு ஜோடி எடுத்தேன். கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்டார். லோடு வண்டிக்கு என்றேன். அங்கேயே முதல் பொய் தொடங்கிவிட்டது.

ஸ்ரீவைகுண்டம் பட்டறையில் அண்ணாச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு என் வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, பழைய பட்டைக் கட்டைச் சுட்டுவிரலால் தட்டினார்.

"தம்பி, இது ஆள் ஏறுத வண்டி. லோடு வண்டிப் பட்டையை இதுல போட்டா, லோடு இல்லாத நேரமெல்லாம் குதிக்கும்."

"ரேசுக்குக் கொண்டு போகணும் அண்ணாச்சி."

"ரேசு வருசத்துல ஒரு நாளு. மத்த நாளெல்லாம் வீட்டுக்குத்தான ஓடுது? அத்தை ஏறுவாங்க, அம்மா ஏறுவாங்க."

அவர் சும்மா மறுக்கவில்லை. மாற்றாக ஒரு வழியும் வைத்திருந்தார், அதுவே சரியான வழி. பழைய கட்டை முழுக்கப் பிரிப்பது. எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பு உண்டு, பழையகாயல் பக்கம் உப்பளத்தை ஒட்டி ஓடுகிற வண்டிக்கு இன்னும் அதிகம். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே துரு ஏறினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது, மொத்தமும் ஒரே கட்டையாகப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துருவைச் சுரண்டி, வளைவு தளர்ந்திருந்தால் வளைவு எடுத்து, நடுவில் கிரீஸ் போட்டு, ஷேக்கிள் புஷ் நான்கையும் மாற்றிக் கட்டுவது. நாலு ஷாக்கும் புதிது போடுவது, முடிந்தால் விறைப்பைக் கூட்டிக் குறைக்கிற வகையாக வாங்குவது. ரேஸ் நாளில் முன்னால் இளக்கி, பின்னால் கொஞ்சம் இறுக்கி ஓட்டிவிட்டு, ஊருக்குக் கிளம்புமுன் பழையபடி திருப்பி வைப்பது. ஆன்டி ரோல் பாரை அங்கே போய்க் கழற்றி அங்கேயே மாட்டிக்கொண்டு வருவது. "பின்டயருல காத்தைக் கொஞ்சம் இறக்கிக்கிட்டிய, அதுவே போதும் இந்த எஞ்சினுக்கு" என்றார். எழுதிப் படித்தவன் நான். படிக்காமல் என் கணக்குக்கே வந்து சேர்ந்தவர் அவர். அவர் சொன்னது என் மடித்து வைத்த காகிதத்தோடு ஒத்துப்போனது எனக்கு எரிச்சலைத்தான் தந்தது.

"நான் சொல்லுதத போடுங்க அண்ணாச்சி, காசு நான்தான குடுக்கேன்" என்றேன். என்னைவிட வயதில் மூத்தவர். அப்பாவின் வண்டியை அப்பா காலத்திலிருந்து பார்க்கிறவர். அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

போட்டார். பட்டைக் கட்டை ஆக்சிலோடு பிடிக்கிற யூ போல்ட் நீளம் போதாமல் புதிதாக வாங்கிப் போட்டார். ஒவ்வொரு நட்டை இறுக்கும்போதும் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

பழைய கார்க்காரர்கள் சிலர் கூடி, அனுமதி வாங்கி, கைவிட்ட ஒரு ஓடுதளத்தில் ஒருநாள் ஓட்டினோம். வரிசை வந்தது. கிளட்சை விட்டேன், மூக்கு தூக்கிற்று. கண்ணாடிக்கு வெளியே பானட் எழும்புவதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது உண்மை. ஆனால் தளத்தின் கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே இருந்த இணைப்பு ஒவ்வொன்றிலும் பின்டயர் எகிறியது. அமுங்கி வாங்க வேண்டிய பட்டை அமுங்கவில்லை, டயர் தரையை விட்டுத் தாவித் தாவி விழுந்தது. தரையில் இல்லாத டயர் வண்டியைத் தள்ளாது. ஸ்டியரிங்கும் கையில் லேசாகி மிதந்தது. எனக்குப் பின்னால் ஓடிய ஒரு பியட், கம்பெனியில் வந்த பட்டையோடு, நல்ல ஷாக் மட்டும் போட்டிருந்தது. அதன் நேரமும் என் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. அன்றைக்கே வீட்டுக்கு வந்து கழற்றியிருக்க வேண்டும். தளம் சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கழற்றாததற்கு இன்னொன்றும் துணை வந்தது. 2003 அக்டோபர் 29இல் பதிவான ஒரு வண்டிதான் மும்பையின் கடைசி பத்மினி டாக்சி. அங்கே டாக்சிக்கு 20 வருட வரம்பு உண்டு. 2023 அக்டோபர் கடைசியில் அது தெருவை விட்டுப் போனபோது நாடு முழுவதும் பத்திரிகையில் படம் வந்தது. உடனே என் வண்டியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். தூக்கி நின்ற பின்பக்கத்தைத்தான் முதலில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நான் அனுபவித்தேன். அதே வாரத்தில் அம்மா, "பின்னால உக்காந்தா குறுக்கு வலிக்கி" என்று சொன்னாள். முன்சீட்டில் உட்காரச் சொன்னேன்.

அந்த டிசம்பரில் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவாயிற்று. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு எங்கள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கி நின்றதை ஊரே அறியும். தண்ணீர் வடிந்த பிறகு திருச்செந்தூர் சாலை பல இடத்தில் அரித்துக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரளை கொட்டி ஒட்டுப் போட்டார்கள்.

மாசியில் அத்தை திருச்செந்தூர் போக வேண்டும் என்றாள். ஆற்றுப் பாலம் தாண்டிப் புதுக்குடியில் சாலையில் ஏறி, ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை வழியாகப் போனோம். முன்சீட்டில் அம்மா. பின்சீட்டில் அத்தை, தனியாக, மடியில் தேங்காய்ப் பழத் தட்டு. வழியில் இரண்டு தடவை, "எய்யா, கொஞ்சம் பைய போ" என்றாள். பைய போனேன். குரும்பூருக்கு முன்னால், ஒட்டுப் போட்ட இடத்தின் விளிம்பு பெயர்ந்து ஒரு பள்ளம். கடைசி நேரத்தில் கண்டு பிரேக்கை மிதித்தேன். இளக்கிய முன்பக்கம் தலைகுப்புறக் குனிந்தது, பின்பக்கம் எடை விட்டு மேலே வந்தது, அந்த நிலையில் பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்து மறுவிளிம்பில் மோதியது. பட்டை அமுங்கவே இல்லை. அடி முழுவதும் சீட்டுக்கு ஏறிற்று. கண்ணாடியில் பார்த்தேன்: அத்தையின் தலை மேற்கூரைத் துணியில் பட்டு, ஆள் அப்படியே கீழே வந்து உட்கார்ந்தாள். தட்டு கவிழ்ந்தது. சத்தம் எதுவும் போடவில்லை. வாயைத் திறந்தபடி இருந்தாள்.

உட்கார்ந்த மனித முதுகெலும்பு நொடிக்கு நாலைந்து தடவை வருகிற அதிர்வுக்குத்தான் மிக அதிகமாக ஆடும் என்று பிறகு படித்தேன். சொகுசாக இருக்க வேண்டுமானால் கார் ஸ்பிரிங் நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவைதான் ஆட வேண்டும். ஸ்பிரிங்கை விறைப்பாக்குவது என்றால், வண்டியின் ஆட்டத்தை முதுகெலும்பின் ஆட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவது. வயதான பெண்கள் பலருக்கு எலும்பு ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து இழந்து பஞ்சாக இருக்கும். திடீரென்று ஒரு குத்து போதும்.

எக்ஸ்ரே படத்தை டாக்டர் விளக்குப் பலகையில் மாட்டிக் காட்டினார். மேலும் கீழும் இருந்த எலும்புகள் சதுரமாக இருந்தன. இடுப்புக்கு மேலே, எல் 1 என்று காட்டிய ஒன்று மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு வடிவத்தில் இருந்தது. "வண்டியில பின்னால உக்காந்து வந்தாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

கேட்டது அத்தான், அத்தையின் மகன். தூத்துக்குடியிலிருந்து வந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கேட்டான். முதலில் வெள்ளத்தில் போன ரோட்டைச் சொன்னேன். அந்த ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் ஓடுகிறதே, எவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றான். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். பட்டறையில கூட்டிக் கட்டிட்டாங்க. எனக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை என்று தப்பிக்க மாட்டேன். சொல்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்தினேன். அந்த நொடியில் இரண்டு வழியும் என் எதிரே இருந்தன.

அத்தான் நேரே பட்டறைக்குப் போனான். நான் போகவில்லை. என்ன நடந்தது என்று அங்கே நின்ற ஒருவர் பிறகு சொன்னார். அத்தான் சத்தம் போட்டிருக்கிறான், காசுக்காக எதையும் மாட்டுவியா என்று கேட்டிருக்கிறான். வேலை பழகுகிற பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அண்ணாச்சி பதில் பேசவில்லை. "அத்தைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாராம்.

மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். ஜாக்கியும் ஸ்பானரும் கூடவே ஒரு சாக்கு மூட்டையும் கொண்டு வந்தார். மூட்டையைப் பிரித்தால் எங்கள் வண்டியின் பழைய யூ போல்ட்டுகள். துரு சுரண்டி, கிரீஸ் பூசி, கிழிந்த சாக்கில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். கழற்றிய அன்றைக்கே நான் அவற்றைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருந்தேன். வாசலிலேயே படுத்துக் கூட்டின பட்டையைக் கழற்றினார், பழைய யூ போல்ட்டுகளால் கட்டை இறுக்கினார், ஆன்டி ரோல் பாரை மாட்டினார். அம்மா காபி கொடுத்தாள், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது என் பொய்யால் வந்தது. கூலி எவ்வளவு என்று கேட்டேன், வேண்டாம் என்றார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய்ப்பு அப்போதுதான். அம்மா நடையில் நின்றாள், அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த சின்ன நட்டு ஒன்றைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன். பேசவில்லை.

சொந்தக்காரர்களில் இரண்டு குடும்பம் அதன்பின் வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவருக்கு அது எவ்வளவு நஷ்டம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எங்கள் வட்டாரத்தில் பழைய வண்டி பார்க்கத் தெரிந்தவர்களும் குறைவு, பழைய வண்டிகளும் குறைவு. அத்தை மாதக்கணக்கில் பெல்ட் போட்டுப் படுத்திருந்தாள். இப்போது எழுந்து நடக்கிறாள். கள்ளபிரான் கோயிலுக்குக் காலையில் போகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. பிராகாரம் சுற்ற முடியவில்லை, வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வருகிறாள். குனிந்து கோலம் போடுவது நின்றுவிட்டது.

போன வாரம் அத்தையிடம் சொல்லிவிட்டேன். பட்டை வாங்கியது, அண்ணாச்சி தடுத்தது, அத்தானிடம் சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முடித்த பிறகு கேட்டாள்: "அந்த மனுசன்கிட்ட சொல்லிட்டியா?"

இன்னும் இல்லை என்றேன்.

"பெறகு என்கிட்ட என்னத்துக்குச் சொல்லுத?"

அத்தானிடம் நேற்று போனில் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். அவன் சத்தம் போட்டது பத்துப் பேர் முன்னால். பட்டறையில் காலை பத்து மணிக்கு மேல்தான் கூட்டம் இருக்கும், வேலை பழகுகிற பையன்களும் அப்போது இருப்பார்கள். அந்த நேரத்துக்குத்தான் போகப் போகிறோம். அன்று அத்தானிடம் நான் சொன்ன அதே வாக்கியத்தைத் திருத்தி, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். வண்டி நின்றால் அவர் அதைப் பார்க்கக் குனிந்துவிடுவார், பேச்சு பட்டையைப் பற்றிப் போய்விடும்.